வழக்கமும் பழியும்: தென்முடியனூர் எழுப்பும் வினா

அருணாசலேசுவரர் கோயிலால் பெயர்பெற்ற திருவண்ணாமலையின் மாவட்ட எல்லைக்குள், தண்டராம்பட்டுப் பகுதியில் அமைந்த சிற்றூர் தென்முடியனூர். அவ்வூர் முத்துமாரியம்மன் கோயிலில் பட்டியல் சாதி மக்கள் ஏறத்தாழ எண்பது ஆண்டுகளாக அனுமதிக்கப்படவில்லை. 2023ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாளன்று, மாவட்ட ஆட்சியர் முன்னிற்க, காவல்துறையின் பெரும் பாதுகாப்புடன் அம்மக்கள் முதன்முறையாக உள்ளே சென்று வழிபட்டனர். எதிர்த்தோர் சொன்ன காரணம், காலங்காலமாக வந்த வழக்கம் என்பதே.

பிற சமயத்தாரின் வழிபாட்டை ஆராய்வது நம் நோக்கமன்று. ஒரு தீங்கைச் செய்தவனின் பழியை வழக்கம் எந்த அளவுக்குக் குறைக்கும் என்பதே நாம் இங்கு எடுத்துக்கொள்ளும் வினா.

நம் ஃபிக்ஹு மேதைகள் இதை ஆழ்ந்து ஆராய்ந்துள்ளனர். அவர்கள் வகுத்த ஐந்து பெரும் விதிகளுள் ஒன்று வழக்கத்துக்குத் தீர்ப்பில் இடமளிக்கிறது. மற்றொன்று தீங்கு களையப்பட வேண்டும் என்கிறது. ஆகவே தீங்கான வழக்கம் சான்றாகாது. எனினும் அறியாதவனை அவர்கள் கைவிடவில்லை. இஸ்லாத்தில் புதிதாக இணைந்தவனும், உலமாக்களை விட்டுத் தொலைவில் வளர்ந்தவனும் விலக்கப்பட்டதை அறியாது செய்தால் அவனது அறியாமையை ஷாஃபிஈ நூல்கள் ஏற்கின்றன.

ஹிஜ்ரி 505இல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்), தம் 'ஃபைஸலுத் தஃப்ரிகா' நூலில் இஸ்லாமியச் செய்தியை முன்வைத்து மக்களை மூவகையாகப் பிரிக்கிறார். செய்தியே எட்டாதவர் முதல் வகையினர், அவர்கள் மன்னிக்கத்தக்கவர்கள். முஸ்லிம்களோடு அருகில் வாழ்ந்து, கண்டும் கேட்டும் மறுத்தவர் இரண்டாம் வகையினர். அவர்களுக்குச் சாக்கு இல்லை. திரித்துச் சொல்லப்பட்டதை மட்டுமே கேட்டு வளர்ந்தவர் மூன்றாம் வகையினர். அவர்களையும் இமாம் முதல் வகையினரோடு சேர்க்கிறார்.

இமாம் பேசியது ஈமானைப் பற்றி. ஆயினும் அவ்வளவுகோல் சமூகத் தீங்குக்கும் பொருந்தும் என்பது நம் கருத்து. தீண்டாமை தவறு என்னும் செய்தி தமிழகத்துக்கு எப்போது எட்டியது? 1939ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாள் வைத்தியநாத ஐயர், ஒடுக்கப்பட்ட மக்களை மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். 1947இல் சென்னை மாகாணம் ஆலய நுழைவுச் சட்டத்தை நிறைவேற்றியது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையையே ஒழித்தது. தென்முடியனூரின் எண்பது ஆண்டுகளில் எழுபத்தைந்து ஆண்டுகள் சட்டம் பேசிய பின்னர்க் கழிந்தவை.

சட்டத்துக்கு முன் வாழ்ந்தோர் முழுதும் அறியாதவர்களா? அங்கும் நாம் தயங்குகிறோம். வழக்கம் தீங்கைச் செய்பவனின் கண்ணை மறைக்கும். தீங்குக்கு உள்ளானவனின் கண்ணை அது ஒருபோதும் மறைப்பதில்லை. அவ்விருவரும் ஓரூரில், ஒரே வயல்வெளியில் வாழ்ந்தவர்கள். கேட்டிருந்தால் அறிந்திருக்கலாம். எனவே முன்னோரின் பழி குறையலாம், இல்லாமற் போகாது. இது கடவுள் விதித்த ஒழுங்கு என்று மட்டுமே கேட்டு வளர்ந்த சிறுவன் மூன்றாம் வகையினன். அவனது பழியில் பெரும்பங்கு அவனுக்கு அவ்வாறு கற்பித்தவரைச் சேரும்.

இந்த அளவுகோலை அண்டை வீட்டுக்கு மட்டும் நீட்டுவது நேர்மையாகாது. மணமகன் மணமகளுக்குத் தர வேண்டியது மஹர். நம் மஹல்லாக்கள் பலவற்றிலோ கைக்கூலி எதிர்த்திசையில் பாய்ந்தது. இன்றும் வேறு பெயர்களில் பாய்கிறது. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இல் வந்தது. மஹர் கட்டளையோ பதினான்கு நூற்றாண்டுகளாக நம் கையில் உள்ளது. பெண்ணைப் பெற்றவரின் கண்ணீரை நாம் அறியாதவர்களும் அல்லர். நிக்காஹ் சபையில் அமர்ந்து அதைக் கண்டும் வாளாவிருந்த ஆலிம்களுள் நாமும் உண்டு.

தொலைவில் இருந்ததால் அறியவில்லை என்று நாம் சொல்ல இயலாது. இமாம் வகுத்த மூவருள் நாம் எவர் என்பதை ஒவ்வொருவரும் தமக்குள் கேட்டுக்கொள்வோமாக.