கூடங்குளம் அணுமின் நிலையக் கணினி ஊடுருவல், 2019

கூடங்குளம் அணுமின் நிலையக் கணினி ஊடுருவல் என்பது, திருநெல்வேலி மாவட்டத்திலுள்ள கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பயன்பாட்டுக் கணினி ஒன்றில் டிட்ராக் எனும் டிரோஜன் வகைத் தீநிரல் 2019ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட நிகழ்வு ஆகும்.

நிகழ்வு

2019 செப்டம்பர் 4 அன்று இந்தியக் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழு இதுபற்றி இந்திய அணுமின் கழகத்துக்குத் தெரிவித்தது. பொதுமக்கள் இதனை அறிய ஏறத்தாழ எட்டு வாரங்கள் ஆயின. அக்டோபர் இறுதியில், அந்நிலையத்தின் பெயர்ச்சுருக்கம் பொதிந்த டிட்ராக் மாதிரி ஒன்று இணையத்தில் ஆய்வாளர்களின் கண்ணிற்பட்டது. அக்டோபர் 29 அன்று நிலைய நிர்வாகம் செய்தியை மறுத்தது. மறுநாளே அணுமின் கழகம் தீநிரல் இருந்தது உண்மை என ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்ட கணினி இணையத்துடன் இணைந்த நிர்வாக வலையமைப்பைச் சேர்ந்தது என்றும், உலையின் உள்வலையமைப்பு அதனின்று தனித்தது என்றும் விளக்கமளித்தது.

டிட்ராக்

டிரோஜன், நச்சுநிரலைப் போலத் தானாகப் பெருகுவதில்லை. திராய் நகர மரக்குதிரையைப் போல நல்ல நிரலின் தோற்றத்தில் உள்நுழைகிறது. டிட்ராக் உளவுக்கானது. விசைப்பலகையில் தட்டப்படுபவை, உலாவி வரலாறு, இயங்கும் நிரல்கள், வன்தட்டிலுள்ள கோப்புகளின் பட்டியல், வலையமைப்பு விவரங்கள் ஆகியவற்றைத் திரட்டுகிறது. இந்தியாவின் தானியங்கிப் பணப்பொறிகளைக் குறிவைத்த தீநிரல் ஒன்றை 2018இல் கண்ட காஸ்பர்ஸ்கி நிறுவனம், அதன் வழியே டிட்ராக்கைக் கண்டறிந்து, லாசரஸ் குழுவுடன் தொடர்புபடுத்தியது.

கண்டறிதலும் நீக்கலும்

இத்தகைய தீநிரல் விண்டோசின் முறையான நிரல் ஒன்றைத் தொடங்கி, நினைவகத்தில் அதன் உள்ளடக்கத்தை மாற்றிவிட்டுத் தான் இயங்குகிறது. ஆகவே இயங்கும் நிரல்களின் பட்டியலில் ஐயத்திற்குரிய பெயர் ஏதும் தென்படாது. கணினி தொடங்கும்போதே தாமாக இயங்குபவற்றையும், காரணமின்றி வெளியிணைப்பை நாடும் நிரல்களையும் ஆராய்வதே பயன்தரும். ஐயம் எழுந்தால் முதலில் வலையிணைப்பைத் துண்டித்தல் வேண்டும். பின்னர் வேறொரு தூய கணினியில் உருவாக்கிய துவக்க வட்டிலிருந்து சோதிக்க வேண்டும்; பாதிக்கப்பட்ட இயங்குதளம் தன்னைப்பற்றித் தரும் தகவல் நம்பத்தக்கதன்று. கடவுச்சொற்களையும் அந்தத் தூய கணினியிலிருந்தே மாற்ற வேண்டும். உளவுத் தீநிரலாயின் இயங்குதளத்தை முழுமையாக மறுநிறுவுதலே உறுதியான வழி.

தனித்த வலையமைப்பு

கழகத்தின் விளக்கம் சரியே ஆயினும் ஐயம் முற்றிலும் நீங்கவில்லை. 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட், இணையத்துடன் இணையாத ஈரானின் நத்தான்ஸ் செறிவூட்டல் ஆலைக்குள் சென்று அங்கிருந்த மையவிலக்குப் பொறிகளைச் சேதப்படுத்தியிருந்தது. அது பென் டிரைவ் வழியாகவும் பரவக்கூடியது.