ஓரி நோட்ஸும் ஒரு மலைக்கதையும்



பரீட்சைக்கு முதல் நாள் ஹாஸ்டல் மொட்டை மாடியில் விடிய விடிய உருப்போட்டது ஞாபகம் இருக்கிறதா? அப்போது சேலம் வட்டாரக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ். வரலாறு என்றால் நோட்ஸ். மார்க் என்றால் மூன்று மணி நேரப் பரீட்சை.

என் அறைத்தோழன் கொல்லிமலை, திருப்புலி நாட்டுக்காரன். கடையெழு வள்ளல்கள் கேள்வி வந்தது. வல்வில் ஓரியை வன்பரணர் பாடினார், திருமுடிக்காரி கொன்றான் என்று நோட்ஸில் இருந்ததை எழுதிப் பாஸானான். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூவர் மலையேறிய தன் முன்னோர் கதையை எங்களுக்கு ராத்திரியெல்லாம் சொன்னவன் அவன். "அதை எழுதலையாடா?" என்றேன். "அது சிலபஸ்ல இல்லப்பா!"

ஓரியின் கதையும் பாட்டிலிருந்து வந்ததுதானே!

1997-ல் பெரியார் பல்கலைக்கழகம் வந்தது. இன்று பருவத்தேர்வுக்கு 75, அகமதிப்பீட்டுக்கு 25. அந்த 25 இன்னொரு உருப்போடலாகிவிடக் கூடாது. பாட்டி சொன்னதெல்லாம் சரித்திரமாகிவிடாது. கல்வராயன் மலையிலும் பச்சைமலையிலும் அதே கதையை எப்படிச் சொல்கிறார்கள், கல்வெட்டும் அரசுப் பதிவும் என்ன சொல்கின்றன என்று ஒத்துப் பார்க்கணும். அதற்குத்தான் மார்க் போடணும்.

தம்பி, தங்கைகளே! அடுத்த லீவில் ஊர்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். சொன்னவர் பெயர், ஊர், தேதி குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் காலத்துக்குப் பிறகு இந்தப் பேப்பருக்கு அரியர் கிடையாது.