நவதாராளவாதக் கல்வியும் தன்னிலை உருவாக்கமும்

நவதாராளவாதக் கல்வி என்பது கல்வியைச் சமூகத்தின் பொது உரிமையாகக் கொள்ளாமல், தனிமனிதர் தம் வருங்கால வருமானத்துக்காகப் போடும் முதலீடாகக் கொள்ளும் முறை. கட்டணம், தரவரிசை, நிறுவனங்களுக்கிடையிலான போட்டி ஆகியவை இதன் வெளித்தெரியும் கூறுகள். அவற்றைவிட ஆழமானது, கற்பவர் தம்மைத்தாமே எப்படிப் பார்க்கப் பழகுகிறார், அதாவது அவருடைய தன்னிலை எப்படி உருவாகிறது என்பது. மெய்யியலாளர்களின் அக்கறை பெரும்பாலும் அதைப் பற்றியதே.

அடிப்படைக் கருத்து பொருளியலிலிருந்து வந்தது. தியோடர் ஷூல்ட்ஸும், 1964இல் ‘மனித மூலதனம்’ நூலை வெளியிட்ட கேரி பெக்கரும், படிப்புக்கும் பயிற்சிக்கும் ஆகும் செலவை உற்பத்தித்திறனை உயர்த்தும் முதலீடாகக் கணக்கிட்டனர். பிரெஞ்சு மெய்யியலாளர் மிஷேல் ஃபூக்கோ 1979இல் பாரிஸில் ஆற்றிய விரிவுரைகளில் இக்கோட்பாட்டை ஆராய்ந்தார். பழைய பொருளியல் காட்டிய மனிதர், உழைப்பை விற்றுக் கூலி பெறுபவர். புதிய மனிதரோ தமக்குத்தாமே தொழில்முனைவர். அவருடைய திறமையே அவருடைய மூலதனம். இவரை ஆளத் தடையோ தண்டனையோ பெரிதாகத் தேவையில்லை. சூழலை மாற்றினால் போதும், தெரிவுகள் தாமாகவே மாறும். ஒருவரின் சுதந்திரத்தின் வழியாகவே அவர் ஆளப்படுகிறார் என்பதுதான் ஃபூக்கோவின் கூர்மையான கண்டறிதல்.

இங்கிலாந்தில் இதைத் தெளிவாகக் காணலாம். பல்கலைக்கழகக் கட்டணம் 1998இல் ஆண்டுக்கு 1,000 பவுண்டு வரை இருந்தது. 2012இல் அதன் உச்சவரம்பு 9,000 ஆனது. கடன் பெற்றுப் படித்தவர், குறித்த வரம்புக்கு மேற்பட்ட வருமானத்தில் 9 விழுக்காட்டைத் திருப்பிச் செலுத்துகிறார். கடன் என்பது பணம் மட்டுமன்று, நடத்தையைப் பல ஆண்டுகளுக்கு முன்கூட்டியே வகுத்துவிடும் உறவு என்கிறார் சமூகவியலாளர் மௌரிஸியோ லஸ்ஸராட்டோ. ஆசிரியரும் தப்புவதில்லை: அளவீடுகளுக்காகவே பணியாற்றும்போது, தம் பணியின் பொருள்மீது அவருக்கு இருந்த நம்பிக்கை கரைவதைக் கல்விச் சமூகவியலாளர் ஸ்டீபன் பால் 2003இல் விவரித்தார். அரசியல் கோட்பாட்டாளர் வெண்டி பிரௌனின் கவலை இன்னும் விரிந்தது. எல்லாரும் மூலதனமாகிவிட்டால், பொதுநலனைப் பற்றிச் சேர்ந்து சிந்திக்கும் குடிமகன் எங்கே?

கட்டணமில்லா உயர்கல்வியின் பயன் வசதியானவர்களுக்கே அதிகம் போய்ச்சேர்ந்தது என்ற எதிர்வாதம் புறந்தள்ளத்தக்கதன்று. ஆயினும் அது நிதிப் பங்கீட்டைப் பற்றியது. மனிதர் எப்படி உருவாக்கப்படுகிறார் என்ற வினாவைத் தொடவில்லை. ஃபூக்கோ வழி விளக்கத்தின் குறை வேறிடத்தில் உள்ளது: இந்த வார்ப்பு முழுமையானதெனில் எதிர்ப்பு எங்கிருந்து பிறக்கிறது? சான்றாக, சிலியில் பினோச்செட்டின் இராணுவ ஆட்சி 1981இல் கல்வியைச் சந்தைமயமாக்கியது. அம்முறைக்குள்ளேயே பிறந்து வளர்ந்த மாணவர்கள் 2011இல் கல்வியை உரிமையாகக் கோரி வீதிக்கு வந்தனர். 2016இல் அங்கு வருமானத்தில் கீழ்ப்பாதியில் இருந்த குடும்பங்களின் பிள்ளைகள், திட்டத்தில் சேர்ந்த பல்கலைக்கழகங்களில் கட்டணமின்றிப் படிக்கத் தொடங்கினர்.