டிராக்டர் டியூபும் மெட்ராஸும்

மயிலாப்பூர்ல உக்காந்துகிட்டு டிராக்டர் டியூபைப் பத்தி எழுதறவன் அநேகமா நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். தெப்பக்குளத்தைச் சுத்தி டிராக்டர் ஓடறதில்லைதான், ஒத்துக்கறேன். ஆனா தமிழ்நாட்டு வயல்ல ஓடற டிராக்டருக்கும் அதோட டயருக்கும் பூர்வீகம் தேடிப் போனா, பாதி கதை இந்த ஊர்லதான் வந்து நிக்குது.

இந்த விஷயத்துல நான் இறங்கினதுக்குக் காரணம் எங்க சித்தப்பா. மன்னார்குடி பக்கம் வாடகைக்கு டிராக்டர் ஓட்டறவர். குறுவை உழவு நேரத்துல போன் பண்ணினார்.

"தம்பி, பின்சக்கர டியூப் வால்வோட பிச்சுகிட்டுப் போச்சுப்பா. இங்க கடையில எல்லாம் ஒண்ணுதான்னு சொல்லி எதையோ எடுத்து நீட்டறான். நீ மவுண்ட் ரோடு பக்கம் பார்த்து ஒண்ணு வாங்கி பஸ்ல போட்டுவிடு."

"என்ன சைஸ் சித்தப்பா?"

"பெரிய சக்கரம்ப்பா!" :-)

சிரிக்கிற விஷயம் இல்லை. வாய்க்கால்ல தண்ணி வந்தாச்சு, நாத்து வளர்ந்துகிட்டே இருக்கு, நாலு பேர் வயல் அவர் டிராக்டருக்காகக் காத்துகிட்டு கிடக்கு. ரெண்டு நாள் வண்டி நின்னா நாத்து முத்திப் போகும். அதனால கொஞ்சம் விவரமாவே விசாரிச்சேன். விசாரிக்கப் போனா வரலாறு கொட்டுது.

டிராக்டர் பிறந்தப்போ டயரே கிடையாது. இரும்புச் சக்கரம், அதுல இரும்புப் பல். வயல்ல மண்ணைக் கவ்வும், ரோட்டுக்கு வந்தா ரோட்டையே பேத்துடும். டன்லப் 1888-லயே காத்தடிச்ச டயரைக் கண்டுபிடிச்சுட்டாலும், விவசாயிக்கு அது வந்து சேர 44 வருஷம் ஆச்சு. 1932-ல அமெரிக்காவுல ஃபயர்ஸ்டோன் கம்பெனியும் அல்லிஸ்-சால்மர்ஸ் கம்பெனியும் சேர்ந்து, விமான டயரை எடுத்து டிராக்டர்ல மாட்டிப் பார்த்தாங்க. காத்தைக் குறைவா வெச்சா டயர் மண்ணுல அகலமா உக்காந்து இழுக்குதுன்னு தெரிஞ்சுது. அப்பவும் விவசாயிங்க நம்பலை. 1933-ல பார்னி ஓல்ட்ஃபீல்டுன்னு ஒரு கார் ரேஸ் வீரரை டிராக்டர்ல ஏத்தி மணிக்கு 64 மைல் வேகத்துல ஓட்ட வெச்சாங்க. விளம்பரம்னா அது!

அடுத்த திருப்பம் உலகப்போர். அதுவரைக்கும் டியூப்னா இயற்கை ரப்பர்தான். 1942-ல ஜப்பான்காரன் மலேயாவையும் ஜாவாவையும் பிடிச்சதும் அமெரிக்காவுக்கு ரப்பர் வரத்து கிட்டத்தட்ட நின்னுபோச்சு. 1937-ல ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியில கண்டுபிடிச்சிருந்த பியூட்டைல் என்கிற செயற்கை ரப்பரை அவசர அவசரமா 1943-ல தொழிற்சாலை அளவுல தயாரிக்க ஆரம்பிச்சாங்க. வேற வழியில்லாம வந்தது, நிரந்தரமா தங்கிடுச்சு. ஏன்னா பியூட்டைல் வழியா காத்து கசியறது ரொம்பக் குறைவு. இயற்கை ரப்பர் டியூபுக்கு அடிக்கடி காத்தடிச்சே கை ஓஞ்சுபோகும். பியூட்டைல் சூட்டையும் நல்லாத் தாங்கும்.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். 1946-ல கே.எம்.மாமன் மாப்பிள்ளை திருவொற்றியூர்ல ஒரு சின்னக் கொட்டகையில பொம்மை பலூன் செய்ய ஆரம்பிச்சார். 1952-ல பழைய டயருக்கு ரீட்ரெட் பண்ற ரப்பர். அமெரிக்காவோட மான்ஸ்ஃபீல்டு கம்பெனியோட கூட்டு சேர்ந்து 1961-ல முதல் டயர். அதுதான் எம்.ஆர்.எஃப். (நம்மில் பலருக்கு அது சச்சின் பேட்ல ஒட்டியிருந்த மூணு எழுத்து, அவ்வளவுதான்!) தலைமை ஆபீஸ் கிரீம்ஸ் ரோட்டுல. டன்லப் கம்பெனியும் 1959-ல அம்பத்தூர்ல தொழிற்சாலை போட்டது. அது இப்போ இல்லை.

அதே சமயத்துல, 1960-ல, சிம்ப்சன் குழுமத்தோட அனந்தராமகிருஷ்ணன் மாஸ்ஸி ஃபெர்குசன்கூட சேர்ந்து டாஃபே கம்பெனியை ஆரம்பிச்சார். செம்பியத்துல டிராக்டர். தஞ்சாவூர்ல தீவிர வேளாண்மைத் திட்டம், அதாவது பெருசுங்க 'பேக்கேஜ் திட்டம்'னு சொல்வாங்களே, அது தொடங்கினதும் அதே 1960-தான். 1960-கள்ல ஏ.டி.டி.27 நெல் வந்ததும், குறுவை அறுத்த கையோட அடுத்த நடவுக்கு நிலத்தைத் தயார் பண்ணணும்னு அவசரம் வந்துடுச்சு. மாட்டை ஓட்டி அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியலை. வடக்கே செம்பியத்துல டிராக்டர், திருவொற்றியூர்ல டயர், தெற்கே டெல்டாவுல தேவை. நடுவுல மவுண்ட் ரோடும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடும் கடைவீதி ஆச்சு.

சரி, டியூபை எப்படிப் பார்த்து வாங்கறது? கடைக்காரர்கள் சொன்னதையும் நான் படிச்சதையும் சேர்த்துத் தரேன்.

முதல்ல, டயர் பக்கவாட்டுல இருக்கிற எண்ணை அப்படியே எழுதிக்கணும். 13.6-28னா அகலம் 13.6 அங்குலம், ரிம் விட்டம் 28 அங்குலம். முன்சக்கரம் பெரும்பாலும் 6.00-16. டியூப் மேலயும் அதே எண் இருக்கணும். சின்ன டியூபைப் போட்டா இழுபட்டு மெலிஞ்சு வால்வு பக்கத்துல கிழியும். பெரிய டியூபைப் போட்டா உள்ளே மடிப்பு விழுந்து, மடிப்பு உரசி உரசி ஓட்டை விழும். 'எல்லாம் ஒண்ணுதான்'னு சொல்றவர்கிட்ட வாங்காதீங்க.

ரெண்டாவது, நடுவுல கோடா, ஆர் எழுத்தா? 13.6ஆர்28னு ஆர் இருந்தா ரேடியல். அதோட பக்கச் சுவர் ரொம்ப வளையும். ரேடியலுக்கு ஏத்ததுன்னு குறிப்பிட்ட டியூபைத்தான் அதுல போடணும். புது டயர்கள்ல 340/85ஆர்28னு மெட்ரிக் கணக்குல போட்டிருக்கும். அதுவும் இந்த சைஸ்தான், பயப்பட வேண்டாம்.

மூணாவது, வால்வு. முன்சக்கர டியூபுக்கு டிஆர்-15, பின்சக்கரத்துக்கு டிஆர்-218ஏ. இந்த 218ஏ காத்துக்கும் தண்ணிக்கும் பொது. டிராக்டர் பின்டயர்ல எடைக்காகத் தண்ணி ஊத்துவாங்க. வால்வு மேல இருக்கற மாதிரி சக்கரத்தை நிறுத்தி, வால்வு மட்டம் வரைக்கும் ஊத்தினா முக்கால் பங்கு. மீதிக்குக் காத்து. 13.6-28 சைஸ்ல ஒரு டயருக்கே 200 லிட்டர் பக்கத்துல பிடிக்கும். நம்ம கார்லேர்ந்து டியூப் காணாம போயும் டிராக்டர்ல இன்னும் இருக்கறதுக்கு இந்தத் தண்ணியும் ஒரு காரணம். டியூப் இல்லைன்னா தண்ணி நேரா ரிம்மைத் தின்னுடும்.

நாலாவது, புது டயருக்குப் புது டியூப். ஓடின டியூப் விரிஞ்சுபோயிருக்கும், புது டயருக்குள்ள மடிஞ்சுதான் உக்காரும். டயருக்கு ஆயிரக்கணக்குல கொடுத்துட்டு டியூப்ல மிச்சம் பிடிக்கிறது வீண். மாட்டறப்போ டயர் உள்பக்கம் முள்ளு இருக்கான்னு கையால தடவிப் பார்க்கணும். கருவேல முள் உள்ளேயே ஒடிஞ்சு நிக்கும், அடுத்த டியூபையும் குத்தும். அப்புறம் டால்க் பவுடர் போட மறக்கக் கூடாது.

டிரெய்லர் கதை வேற. அதுல லாரி டயர் போட்டிருந்தா, ரிம் துண்டு துண்டா கழட்டற மாதிரி இருந்தா, டியூபுக்கும் ரிம்முக்கும் நடுவுல ஃபிளாப் கட்டாயம்.

சித்தப்பா டியூப் ஏன் வால்வோட பிச்சுகிட்டது? சேத்துல நல்லா இழுக்கட்டும்னு காத்தை அளவுக்கு மேல குறைச்சிருக்கார். அப்படிக் குறைச்சா சக்கரம் இழுக்கறப்போ டயர் ரிம் மேல வழுக்கி நகரும். டயரோட டியூப் போகும், வால்வு மட்டும் ரிம் ஓட்டையில மாட்டிகிட்டு நிக்கும். அறுந்துதானே ஆகணும்! புது டியூப் போட்டாலும் இந்தப் பழக்கம் மாறலைன்னா அதுவும் அதே கதிதான்னு சொன்னேன். "காத்து மீட்டர் ஒண்ணும் சேர்த்து அனுப்பு"ன்னுட்டார். ரெண்டும் அன்னிக்கு ராத்திரி பஸ்லயே போச்சு.

இன்னொண்ணும் சொல்லணும். 2015 டிசம்பர் வெள்ளத்துல அடையாறு பொங்கினப்போ, நம்ம சனங்க லாரி டியூபைக் கட்டித்தான் தெருவுல மிதந்து வெளியே வந்தாங்க. டியூப்லெஸ் காலத்துலயும் இந்தக் கறுப்பு வளையத்துக்கு இன்னும் வேலை இருக்கு. நெல்லு நட சேறு இருக்கற வரைக்கும் இருக்கும்.

ஊர்ல டிராக்டர் வெச்சிருக்கற சொந்தக்காரங்க இருந்தா, டயர்ல இருக்கற எண்ணை இப்பவே ஒரு காகிதத்துல எழுதி வெச்சுக்கச் சொல்லுங்க. உழவு நேரத்துல 'பெரிய சக்கரம்'னு சொன்னா எந்தக் கடையிலயும் புரியாது.