மேடையைப் பார்க்கிற கண்

திருமண வரவேற்புகளில் டிஜே நுழைந்தபின் மரபு கெட்டுவிட்டது என்ற குறை பரவலாகக் கேட்கிறது. இசை விஷயத்தில் அதில் நியாயம் இருக்கலாம். ஆனால் டிஜே செய்கிற வேலை புதிதில்லை. கல்யாண வீட்டில் வாசிப்பவருக்கு என்றுமே பாட்டைவிடப் பெரிய பொறுப்பொன்று இருந்தது: இப்போது என்ன நடக்கிறது என்று கூட்டத்துக்குச் சொல்வது. முகூர்த்த நேரத்தில் நாயனக்காரரும் தவில்காரரும் மணவறையை விட்டுக் கண்ணெடுக்க மாட்டார்கள். ஊஞ்சலுக்கு ஒரு ராகம், மாலை மாற்றுகையில் வேறொன்று என்று வாசித்துக்கொண்டே வருவார்கள். தாலியைக் கையில் எடுத்ததும் புரோகிதரோ வீட்டுப் பெரியவரோ விரலை அசைத்துக் ‘கெட்டிமேளம்’ என்பார். வாசித்துக்கொண்டிருந்த கீர்த்தனை எந்த இடத்தில் இருந்தாலும் அங்கேயே விட்டுவிட்டு, தவில் முழு வேகத்தில் பொரிந்து தள்ளும். தும்மலோ அழுகுரலோ அந்த நொடியில் காதில் விழக்கூடாது என்பது ஒரு காரணம். பின்வரிசையில் பேசிக்கொண்டிருப்பவர்கள் அட்சதையோடு எழுந்து நிற்க வேண்டும் என்பது இன்னொரு காரணம்.

வரவேற்பில் இந்த வசதி கிடையாது. மந்திரமும் சடங்கும் இல்லாத அந்த மாலையில், அடுத்தது என்ன என்பதை யாராவது ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். அந்த இடத்துக்கு மைக் வந்ததில் சுயமரியாதைத் திருமணத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கருத்து. புரோகிதரை விலக்கிய அந்த மணமுறையில் தலைவரும் வாழ்த்துரையும் நிகழ்ச்சி நிரலும் வந்தன. 1967இல் அண்ணா ஆட்சி கொண்டுவந்த திருத்தம் அதற்குச் சட்ட ஏற்பும் தந்தது. இன்னொரு பக்கம், குழாய் ஸ்பீக்கர் கட்டிய மைக் செட்காரர் இசைத்தட்டை வைத்தே சடங்குக்கு ஒரு வரிசை அமைத்தார். ‘பாசமலர்’ (1961) படத்தில் எல்.ஆர். ஈஸ்வரி பாடிய தோழிப் பாட்டும், ‘சாரதா’ (1962) படத்தில் மருமகளை வரவேற்கும் பாட்டும் கல்யாண வீட்டின் அடையாளமாகவே ஆகிவிட்டன. மணப்பெண் வருகையில் எந்தத் தட்டைப் போடுவது என்று தெரிந்திருந்த அந்த மனிதர்தான் இன்றைய டிஜேயின் உண்மையான முன்னோடி. பிறகு வந்த மெல்லிசைக் குழுவின் அறிவிப்பாளர் அதே வேலையைப் பேச்சாலும் செய்தார். இன்று ‘எண்ட்ரி’ என்று புகை கிளப்பி நடத்துவதும் இதன் தொடர்ச்சிதான்.

அப்படியானால் காது கிழிகிற சத்தத்தையும் மரபு என்பதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கெட்டிமேளமும் காதைப் பிளக்கத்தான் செய்தது; ஆனால் அது ஓரிரு நிமிடம், அதுவும் ஒரு காரணத்துக்காக. டிஜேயின் சத்தம் மணிக்கணக்கில் நீள்கிறது. இதற்கு வேர் ரசனைக் குறைவில் இல்லை, இரவல் வாங்கிய முறையில் இருக்கிறது. அமெரிக்கத் திருமண விருந்தில் விருந்தாளிகள் மேசையில் அமர்ந்திருப்பார்கள். மணமக்கள் நுழைவது, முதல் நடனம், தந்தையும் மகளும் ஆடுவது, கேக் வெட்டுவது என்று எல்லாம் அவர்கள் கண்முன் நடக்கும். டிஜே அதைக் கட்டம் கட்டமாக அறிவிப்பார். நம் வரவேற்பில் மணமக்கள் மேடையில் நிற்கிறார்கள், நகர்வது விருந்தாளிகள்தான். மேடையேற ஒரு வரிசை, மொய்க் கவர், ஒரு போட்டோ, அங்கிருந்து நேரே பந்தி. கூட்டம் மொத்தமாக ஓரிடத்தில் இருக்கிற நேரமே குறைவு. நாற்காலியில் மிஞ்சுவது பெரும்பாலும் பல காலம் கழித்துச் சந்திக்கிற பெரியப்பாவும் சித்தியும் பழைய அயலாரும். அவர்கள் வந்ததே பேசத்தான். ஆடுகிற கூட்டத்துக்கான ஒலியை அவர்கள் முகத்துக்கு நேரே திருப்பிவைப்பது கொடுமை.

ஆட்டம் கேட்பது இளைஞர்கள்தானே, அவர்களுடைய கல்யாணம்தானே என்பார்கள். சரிதான், அவர்கள் ஆடட்டும். மேடை வரிசை கரைந்து பந்தி ஓய்ந்தபின் ஆடுவதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. திறந்தவெளியில் இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்வதால் நேரம் இடிக்கும் என்பது உண்மைதான். அதற்கு வரவேற்பை முன்கூட்டித் தொடங்கலாம், சத்தத்தைக் கூட்ட வேண்டியதில்லை. டிஜேயை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அவர் தன் பதவியை முழுதாக ஏற்க வேண்டும் என்கிறேன். நாயனக்காரரை மணவறைக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்தார்கள். வீட்டுப் பெரியவர் விரலசைத்தால் அவருக்குத் தெரிந்தது. இன்று டிஜே மேசையை மண்டபத்தின் ஏதோ ஒரு மூலையில், எல்இடி திரைக்குப் பின்னால் போட்டுவிடுகிறோம். மேடையில் வரிசை எவ்வளவு நீள்கிறது, பந்தி எத்தனையாவது, பாட்டியை எப்போது கைபிடித்து மேலே ஏற்றுகிறார்கள் என்று எதுவும் அவருக்குத் தெரிவதில்லை. மேசையை மேடை தெரிகிற இடத்துக்கு நகர்த்தி, இரு வீட்டிலிருந்தும் விவரம் தெரிந்த ஒருவரை அவர் பக்கத்தில் நிறுத்துவதற்குக் கூடுதல் செலவு எதுவும் ஆகாது.