புழுவின் குலமரபு

கறுத்துச் சுருங்கிய கோதுமை மணியொன்றைப் பிளந்து, அதனுள்ளே கிடந்த வெண்ணிற நார்களின்மேல் ஒரு துளி நீரை விட்டார் நீடாம் என்னும் ஆங்கிலேயர். நுணுக்குக்காட்டியின் கீழே அந்நார்கள் நெளியத் தொடங்கின. உலர்ந்த நாரென எண்ணப்பட்டவை உயிருள்ள புழுக்கள்! 1743 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட இச்செய்தி அறிஞரை வியப்பில் ஆழ்த்தியது. ஆயினும், இப்புழுக்கள் எக்குலத்தைச் சேர்ந்தவை என்னும் வினாவுக்கு விடைகாண இருநூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தன.

உயிர்களுக்கெல்லாம் முறையாகப் பெயரிட்ட சுவீடன் நாட்டு இலின்னேயசு, 1758 இல் எலும்பில்லா மெல்லுடல் உயிர்களைப் ‘புழுக்கள்’ என்னும் ஒரே தொகுதியில் அடக்கினார். நத்தையும் மண்புழுவும் குடலில் வாழும் வட்டப்புழுவும் அங்கே ஒரு குடும்பமாயின. 1808 இல் உருடோல்பி என்பார், இருமுனையும் கூர்ந்து நூல்போன்று திரண்ட புழுக்களைத் தட்டைப்புழுக்களினின்றும் பிரித்தெடுத்தார். நூலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்றே ‘நெமற்றோடா’ என்னும் பெயர் பிறந்தது. எனினும், அவர் ஆராய்ந்தவை பிற விலங்குகளின் உடலுள் வாழும் புழுக்களே. வாழும் இடத்தைக் கொண்டு உறவை அளக்கும் வழக்கம் அன்று வேரூன்றியிருந்தது.

மண்ணிலும் நன்னீரிலும் கடலிலும் எவரையும் அண்டாது வாழும் புழுக்கள் எண்ணிலடங்கா என்பதை, 1865 இல் நூறு புதிய இனங்களை ஒருங்கே விவரித்து பாசுத்தியன் என்னும் ஆங்கில மருத்துவர் உணர்த்தினார். பின்னர் அமெரிக்க விவசாயத் திணைக்களத்திற் பணியாற்றிய நேதன் கொப், இவற்றை ஆராய்வதற்கெனத் தனித்துறையொன்றையே வகுத்தார். 1937 இல் சிற்வூட் என்னும் அறிஞர், வாலருகே அமைந்த நுண்ணிய உணர்ச்சியுறுப்பொன்றைப் பாகுபாட்டின் அளவுகோலாகக் கொண்டார். அவ்வுறுப்பு உடையவை ஒரு வகுப்பு. இல்லாதவை மற்றொரு வகுப்பு.

இப்பாகுபாடு கற்பதற்கு எளிதாயிருந்தது. ஆனால் குறையொன்று அதனுள் மறைந்திருந்தது. ஓர் உறுப்பை உடைமை உறவுக்குச் சான்றாகலாம். இல்லாமை எவ்வாறு சான்றாகும்? பொருளில்லாதார் அனைவரையும் ஒரு தாய் மக்கள் என்று கொள்வாருமுளரோ?

மென்மையான உடலுடைய இவ்வுயிர்கள் பாறைகளில் விட்டுச்சென்ற தடயங்கள் மிகச் சில. ஆகவே, கூர்ப்பின் வரலாற்றை அவற்றின் கலங்களுக்குள்ளேயே தேட வேண்டியதாயிற்று. 1998 இல் பிளாக்சுற்றரும் அவர்தம் துணைவரும் 53 இனங்களின் பரம்பரையலகு ஒன்றை ஒப்பிட்டு, அவை ஐந்து பெருங்கிளைகளாகப் பிரிவதைக் காட்டினர். உறுப்பில்லாதவை எனத் தொகுக்கப்பட்டவை ஒரு குலமல்ல என்பதும், உறுப்புடையவை அவற்றின் நடுவிலிருந்தே கிளைத்தவை என்பதும் தெளிவாயின. விலங்குகளை அண்டிவாழும் வழக்கம் குறைந்தது நான்கு முறையும், தாவரங்களை அண்டிவாழும் வழக்கம் மூன்று முறையும் தனித்தனியே தோன்றியதெனவும் அவர்கள் கண்டனர். ஒத்த வாழ்க்கை ஒத்த உருவைத் தந்தது. உருவொற்றுமையோ அறிஞரை மயக்கியது.

அதற்கு முந்திய ஆண்டிலே மற்றொரு வியப்பும் வெளிப்பட்டது. வளருங்கால் தோலுரிக்கும் இப்புழுக்கள், அவ்வாறே தோலுரிக்கும் பூச்சிகளுக்கும் நண்டுகளுக்கும் நெருங்கிய உறவினவாம். உருவிலே ஒத்த மண்புழுவோ தூரத்து உறவினதே.

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று. யானைக்கால் நோயைத் தரும் புழுக்களுள் மலாயி வகையினை 1960 இல் பக்கிளி என்பார் தனிச் சாதியாகப் பிரித்தார். இலங்கையில் இருவகையும் காணப்பட்டன. ஒன்றைப் பரப்பும் நுளம்பு நகரத்துக் கழிவுநீரிற் பெருகும். மற்றதைப் பரப்புவதோ ஆகாயத்தாமரை போன்ற நீர்த்தாவரங்களைப் பற்றி வளரும். புழு எதுவென அறியாதார் ஒழிக்கவேண்டியது சாக்கடையா, குளத்துப் பாசியா என அறிவதெங்ஙனம்? யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இலங்கையில் இல்லாதொழிந்ததென 2016 இல் உலகச் சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. ஆயினும், நெடுங்காலம் மறைந்திருந்த மலாயி வகை மீண்டும் தலைகாட்டியமையால் விழிப்பு இன்றும் வேண்டற்பாலது.

புறத்தோற்றம் ஒன்றே உறவன்று. வாழும் இடமும் குலமன்று. கண்ணுக்குப் புலனாகாத புழுவொன்று மனிதனுக்குக் கற்பித்த பாடம் இது.