கையில் கிடந்த சிட்டு, கிளையில் இருக்கும் சிட்டு

மேட்டூரிலிருந்து மாதேஸ்வரன் மலைக்கு பஸ்ஸில் போகிறவர்களுக்குப் பாலாறு என்பது ஒரு சோதனைச்சாவடி, ஒரு பாலம், அதைத் தாண்டினால் கன்னடப் பலகைகள். 1956க்கு முன்பு கணக்கே வேறு. கொள்ளேகால் தாலுகா அப்போது கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது. ஆற்றின் இரு கரையும் சென்னை ராஜ்யம். பறவையியலாளர் சாலிம் அலி 1939-40இல் மைசூர் சமஸ்தானத்துப் பறவைகளைக் கணக்கெடுத்தபோது பாலாறு அந்தச் சமஸ்தானத்துக்குள்ளேயே இல்லை. அதற்குப் பத்து வருஷம் முன்னால் வெர்னே என்ற செல்வந்தரின் பணத்தில் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. அந்தக் குழு நம் சேர்வராயன் மலையிலும் சித்தேரியிலும் பறவை சேகரித்தது.

சேகரித்தது என்றால் சுட்டது என்று அர்த்தம். உடம்பு சிதையாமலிருக்க மிகச் சிறிய ரவையைப் போட்டுச் சுடுவார்கள். வயிற்றைக் கீறிச் சதையை எடுத்துவிட்டு, தோலின் உட்புறம் ஆர்சனிக் சோப்பு தடவி, பஞ்சை அடைத்துத் தைத்து, காலில் இடமும் தேதியும் எழுதிய சீட்டைக் கட்டுவார்கள். அப்படிப் பாடம் செய்த தோல்கள் கப்பலேறும். பஞ்சாப் போலீஸில் இருந்து ஓய்வு பெற்ற விஸ்லர் இங்கிலாந்தில் உட்கார்ந்து அவற்றை வரிசையாக அடுக்கி, எது எந்த இனம் என்று கின்னியர் என்ற இன்னொரு பறவையியலாளரோடு சேர்ந்து எழுதினார். பறவையை மல்லாக்கப் போட்டால் தொண்டை தெரியும், புரட்டினால் முதுகு தெரியும். சந்தேகத்துக்கு அங்கே இடமே இல்லை.

மஞ்சள் தொண்டைச் சிட்டு அந்த முறையில் அறியப்பட்ட பறவை. பம்பாயில் சிறுவனாக இருந்த சாலிம் அலி ஏர்கன்னால் ஒரு குருவியைச் சுட்டார். எடுத்துப் பார்த்தால் ஊர்க்குருவி மாதிரிதான், ஆனால் தொண்டையில் மஞ்சள் தீற்று. மாமா அமீருத்தீன் தயாப்ஜி அவரை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அதன் செயலாளர் மில்லார்ட் இன்ன பறவை என்று சொல்லி, பாடம் செய்த பறவைகள் இருந்த இழுப்பறைகளையும் திறந்து காட்டினார். 1985இல் வந்த தன்வரலாற்றுக்கு அந்தச் சிட்டை வைத்தே அவர் தலைப்பிட்டார். நான் இதில் கவனிப்பது வேறொன்று: அந்த மஞ்சள் கண்ணில் பட்டது குருவி கைக்கு வந்த பிறகுதான்.

மார்கழி, தை மாதத்தில் பாலாற்றங்கரைப் பக்கம் ராகி அறுத்த தாளில் மேயும் கூட்டத்தில் அந்த மஞ்சளைத் தேடிப் பாருங்கள், தெரியாது. பெட்டையிடம் அது வெளிறிய சாயம் மட்டுமே. அலகின் நிறமும் கைகொடுக்காது. இனப்பெருக்க காலத்தில் ஆணின் அலகு கறுப்பு, குளிர்காலத்தில் வெளிறிவிடும். ஊர்க்குருவி மட்டும் என்ன, ஆணின் கறுப்புத் தாடியைப் புதிதாக முளைத்த இறகுகளின் சாம்பல் நுனி பாதி மறைத்துவிடும். நுனி தேயத் தேயக் கறுப்பு வெளியே வரும்.

பார்க்க வேண்டியது முதுகு. ஊர்க்குருவி முதுகில், பெட்டையானாலும், கருங்கோடுகள் ஓடும். மஞ்சள் தொண்டைச் சிட்டின் முதுகு கோடே இல்லாத சாம்பல் பழுப்பு. இறக்கையில் வெள்ளைப் பட்டை. ஆணுக்குத் தோளில் செங்காவித் திட்டு. அலகும் சற்று மெல்லியது, நீளம். விரட்டினால் ஊர்க்குருவி வேலிக்கும் கூரைக்கும் ஓடும். இது மரத்துக்குப் போகும். கூடும் மரப்பொந்தில்தான். இலுப்பை பூக்கும்போது தேன் குடித்து, நெற்றியில் மகரந்தத்தோடு திரிவதும் இதுதான்.

இதையெல்லாம் தூரத்திலிருந்தே பார்த்துச் சொல்லும் பழக்கம் பைனாகுலரோடு வந்தது. 1941இல் வந்த சாலிம் அலியின் படப் புத்தகம் அதைச் சாதாரண ஆட்களிடமும் கொண்டு சேர்த்தது. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பின் துப்பாக்கி வழியும் அநேகமாக அடைபட்டது. பாலாற்றுக்கு மட்டும் பைனாகுலர் பழக்கம் தாமதமாகவே வந்தது. 1993 ஏப்ரல் 9 அன்று சந்தனக் கடத்தல்காரன் வீரப்பனின் கண்ணிவெடி பாலாற்றின் அருகில்தான் 22 பேரைக் கொன்றது. அந்த வருஷங்களில் இந்தக் காட்டோரம் கழுத்தில் பைனாகுலர் தொங்க நடக்கிறவனைப் போலீஸ், வீரப்பன் கூட்டம் என்று இரண்டு தரப்புமே நம்பாது. 2004இல் வீரப்பன் கதை முடிந்து, 2013இல் மலை மாதேஸ்வரா சரணாலயம் அறிவிக்கப்பட்டது.

இப்போது தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் பொங்கலையொட்டிப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. இளவட்டங்கள் போனில் பட்டியல் போடுகிறார்கள். இனம் தெரியாவிட்டால் ‘ஏதோ ஒரு சிட்டு’ என்று பதியவும் அதில் வழி உண்டு. விஸ்லர் காலத்துப் பதிவேட்டில் இருந்திருக்க முடியாத வசதி இது. அதைப் போடக் கூச்சப்பட்டு, தோராயமாக ஒரு பெயரைத் தட்டிவிடுகிறவர்களிடம்தான் எனக்குச் சண்டை. கூட்டம் பறந்து போனாலும் பெரும்பாலும் அதே தாளுக்குத் திரும்பி வரும். வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு உட்காருங்கள் என்பேன். முதுகில் கோடு உண்டா இல்லையா என்பது அப்போது தெரிந்துவிடும்.